ஆபீஸ் போனுக்கு ஓப்பன் சோர்ஸா, கம்பெனிப் பெட்டியா? புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால், யூபிஎஸ்ஸுக்கு மேலே, சுவரில் ஒரு பெட்டி தொங்கும். அதிலிருந்து ஒரு கட்டு ஜம்பர் ஒயர், போன் ஒயரெல்லாம் வந்து சேரும் க்ரோன் மாட்யூலுக்குப் போகும். பெட்டியின் பக்கவாட்டில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு செல் நம்பர் கிறுக்கியிருக்கும். கூப்பிட்டுப் பார்த்தால், "அந்த வேலையெல்லாம் விட்டுட்டேன் சார்" என்று பதில் வரும். புதிதாகச் சேர்ந்த கேஷியருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் போட வேண்டும், ஆனால் ப்ரோகிராமிங் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. கடைசியில் பக்கத்து மேஜை போனிலேயே இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

இந்த நிலைமையில்தான் பலரும் புது சிஸ்டம் பற்றி விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது விலை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் செத்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்? வருகிறவருக்கு உள்ளே போக பாஸ்வேர்டு இருக்குமா? கீழே சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

கடையில் என்னென்ன இருக்கிறது

முதல் வகை, ஆபீஸ் போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும், நமக்குப் பழகிய ஈபிஏபிஎக்ஸ் பெட்டி. பேச்சில் "இன்டர்காம்" என்று சொல்லிவிடுகிறோம். பேனசோனிக், வதோதராவின் மேட்ரிக்ஸ் போன்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி, உள்ளே ஓடும் மென்பொருள், பட்டன் நிறைந்த ஆபரேட்டர் போன் எல்லாம் ஒரே கம்பெனியுடையவை. இரண்டாவது, லைசென்ஸ் வாங்கி உங்கள் கம்ப்யூட்டரிலோ வாடகை சர்வரிலோ போட்டுக்கொள்ளும் மூடிய மென்பொருள். 3சிஎக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவது, ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள். இதில் ஆஸ்டரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் என்ற இரண்டு எஞ்சின்கள் பிரபலம். ஆஸ்டரிஸ்க்கை பிரவுசரில் கிளிக் செய்து இயக்க ஃப்ரீபிபிஎக்ஸ், ஃப்ரீஸ்விட்ச்சுக்கு ஃப்யூஷன்பிபிஎக்ஸ். நாலாவது, மாத வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சேவை. அதில் ஆபீசில் பெட்டியே இருக்காது.

இவற்றுக்கு நடுவில் ஓர் இரண்டுங்கெட்டான் வகையும் உண்டு. கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனியின் யூசிஎம் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓடுவது ஆஸ்டரிஸ்க்தான். மேலே இருக்கும் முகப்பும் ஆதரவும் கம்பெனியுடையவை. சின்ன ஆபீஸ்களுக்கு இது பல நேரம் நல்ல சமரசம். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஆஸ்டரிஸ்க் பிறந்த கதையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1999இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்துக்கு உதவிச் சேவை கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி நடத்தினார். அதற்கு ஒரு போன் சிஸ்டம் தேவைப்பட்டது. கடை விலை கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். நம்மில் பலர் வந்து நிற்கும் அதே இடம்தான். ஒரே வித்தியாசம், அவருக்கு எழுதத் தெரியும்.

ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன், ரிசப்ஷனில் ஒரு நோட்டு வையுங்கள். எல்லா லைனும் ஒரே நேரத்தில் பிசியாக இருக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியே பேசுகிறார்கள் என்பதுதான் கணக்கு. 25 பேர் இருக்கும் சாதாரண வியாபார ஆபீசில் அது நாலைந்தைத் தாண்டுவது அபூர்வம். கால் சென்டர் நடத்தினால் கதை வேறு.

இந்த எண் ஏன் முக்கியம்? லைசென்ஸ் விலை இரண்டு விதமாகப் போடப்படுகிறது. சில கம்பெனிகள் ஆளுக்கு இவ்வளவு, அல்லது எக்ஸ்டென்ஷனுக்கு இவ்வளவு என்று கேட்கும். சில கம்பெனிகள் ஒரே நேரத்தில் ஓடும் அழைப்புகளுக்குக் கேட்கும். 60 எக்ஸ்டென்ஷன் இருந்து நாலு பேர் மட்டும் பேசும் லாட்ஜுக்கு முதல் கணக்கு வீண் செலவு, இரண்டாவது லாபம். எட்டே பேர், எட்டுப் பேரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள் என்றால் நேர்மாறு. ஆஸ்டரிஸ்க்கில் இந்தக் கணக்கே இல்லை, கம்ப்யூட்டர் தாங்கும் வரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஃப்ரீபிபிஎக்ஸிலும் விலை கொடுத்து வாங்க வேண்டிய மாட்யூல்கள் சில உண்டு. "எல்லாம் ஃப்ரீ சார்" என்று ஒருவர் சொன்னால், உங்களுக்குத் தேவையான வசதி இலவசப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் லைன் எது?

செம்புக் கம்பியில் வரும் பழைய லேண்ட்லைனா, ஃபைபர் மோடத்தின் போன் ஓட்டையிலிருந்து வருவதா, ஒரே கேபிளில் 30 அழைப்பு ஓடும் பிஆர்ஐயா, இல்லை இன்டர்நெட் கேபிள் வழியாகவே வரும் எஸ்ஐபி ட்ரங்கா? எஸ்ஐபியைப் பேச்சில் எல்லாரும் "சிப்" என்பார்கள். முதல் இரண்டும் அனலாக். அவற்றை ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்தோடு இணைக்க எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சின்னப் பெட்டி தேவை. பழைய அனலாக் போன்களையும் வைத்துக்கொள்ள விரும்பினால் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே. லைன் வந்து நுழைவது ஓ, போன் போய்ச் சேர்வது எஸ். இதை மாற்றி வாங்கி வந்து தலையைச் சொறிந்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

எஸ்ஐபி ட்ரங்க் வழியாகப் பேசும்போது ஓர் அழைப்புக்கு, வழக்கமான ஜி711 முறையில், போக ஏறத்தாழ 87 கிலோபிட், வர அதே அளவு செலவாகும். பத்துப் பேர் பேசினாலும் ஒரு எம்பிகூட ஆகாது. ஆகவே "இன்டர்நெட் ஸ்பீடு பத்தாது" என்று யாராவது பெரிய பிளான் விற்கப் பார்த்தால் ஏமாற வேண்டாம். குரல் விட்டு விட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் வேகம் காரணமாக இருக்காது. அதே லைனில் ஒருவர் பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது போனை வைஃபையில் போட்டிருப்பார்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது இந்தியாவில் குற்றம். சாஃப்ட்வேர் அதைச் செய்ய விடும், சட்டம் விடாது. சிங்கப்பூர் கிளையையும் சென்னைக் கிளையையும் இணைக்கிறவர்கள் இதை முதலிலேயே டெலிகாம் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி இருக்குமா என்ற கேள்வி

ஓப்பன் சோர்ஸைப் பற்றி டீலர்கள் சொல்லும் முதல் குறை: "நாளைக்கு அவங்க நிறுத்திட்டா யாரைக் கேப்பீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். போன் சிஸ்டம் செய்யும் பெரிய கம்பெனியான அவாயா 2017இலும் 2023இலும் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே தொழிலில் இருக்கும் மைட்டெல் 2025இல் கேட்டது. பேனசோனிக் இந்தத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. நம் ஊரில் வீதிக்கு வீதி அதன் பெட்டிகள் தொங்குகின்றன, நாளைக்கே அவை நின்றுவிடப் போவதில்லை. ஆனால் ஒரு கார்டு எரிந்தால் செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியதுதான்.

ஓப்பன் சோர்ஸ் பக்கத்திலும் கை மாறுவது உண்டு. ஆஸ்டரிஸ்க்கை வளர்த்த டிஜியம் கம்பெனியை 2018இல் சங்கோமா என்ற கம்பெனி வாங்கியது. ஃப்ரீபிபிஎக்ஸ் அதற்கு முன்பே, 2015இல், சங்கோமாவிடம் போய்விட்டது. எலாஸ்டிக்ஸ் என்ற பிரபலமான ஓப்பன் சோர்ஸ் தொகுப்பை 2016இல் 3சிஎக்ஸ் வாங்கிக்கொண்டது. அடுத்து வந்த எலாஸ்டிக்ஸுக்கு உள்ளே ஓடியது 3சிஎக்ஸின் மூடிய எஞ்சின். ஆனால் அங்கே ஒரு விஷயம் நடந்தது. பழைய எலாஸ்டிக்ஸின் நிரல் ஏற்கெனவே வெளியில் இருந்ததால், அதை எடுத்து இசபெல் என்ற பெயரில் வேறு சிலர் தொடர்ந்தார்கள். பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. மூடிய பெட்டிக்கு அப்படி ஒரு வாரிசு வர வழியில்லை. என் கண்ணுக்கு ஓப்பன் சோர்ஸின் பெரிய பலம் விலையைவிட இதுதான்.

ஒரு சாயங்காலம் செலவழியுங்கள்

இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுக் குழம்புவதை விட, வீட்டிலேயே ஒரு சிஸ்டம் போட்டுப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு செல்போன்கள், அவ்வளவுதான் தேவை. கம்ப்யூட்டரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் போடுங்கள், கிராஃபிக்ஸ் திரை வேண்டாம். அதன் மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் 17க்கு ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட் கிடைக்கிறது. அதை ஓட விட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் பிரவுசரில் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். முதலில் புதிதாக ஓர் அட்மின் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அதை ஒரு காகிதத்தில் எழுதி பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் பக்கவாட்டில் வேண்டாம்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பகுதியில் 101, 102 என்று இரண்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளமான ரகசியச் சொல் ஒன்றை அதுவே உருவாக்கித் தரும். அதைச் சுருக்க ஆசைப்பட வேண்டாம். செல்போன்களில் லின்ஃபோன் அல்லது சொய்ப்பர் செயலியைப் போட்டு இந்த எண்ணையும் ரகசியச் சொல்லையும் சர்வர் முகவரியையும் கொடுங்கள். பதிவாகிவிட்டால் ஸ்டார் 43 அடியுங்கள். நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்க வேண்டும். எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறது என்று கவனியுங்கள், "ஹலோ" சொல்லி முடிக்கும் முன்பே வந்தால் நல்ல அறிகுறி. ஒன்றுமே கேட்கவில்லை என்றால், குரல் போகும் 10000 முதல் 20000 வரையான யூடிபி போர்ட்டுகளை ஏதோ ஒரு ஃபயர்வால் மறித்திருக்கும். அடுத்து 101இலிருந்து 102ஐக் கூப்பிடுங்கள்.

இந்த இடம் வரை நீங்களாகவே வந்து, நடுவில் சிக்கியபோது தேடிப் படித்துச் சரிசெய்ய முடிந்ததா? அப்படியானால் ஓப்பன் சோர்ஸ் உங்களுக்கு ஆகும். இரண்டாவது வரியிலேயே எரிச்சல் வந்துவிட்டதா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனிப் பெட்டிக்கும் ஏஎம்சி என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் கொடுக்கும் பணம் இந்த எரிச்சலை இன்னொருவர் தலையில் ஏற்றுவதற்குத்தான்.

கட் ஆகாத லைன்

அனலாக் லைன் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். வெளியிலிருந்து செல்போனில் கூப்பிடுங்கள், ஐவிஆர், அதாவது எந்தப் பிரிவுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்லும் பதிவுக் குரல், பேச ஆரம்பித்ததும் செல்லில் கட் செய்யுங்கள். இப்போது கேட்வேயின் விளக்கைப் பாருங்கள். சில விநாடிகளில் அணைந்தால் சரி. அணையவில்லை என்றால், நீங்கள் போய்விட்டது சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. ஆளே இல்லாத லைனுக்கு ஐவிஆர் "விற்பனைக்கு ஒன்று" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாய்ஸ்மெயிலைத் திறந்தால் நிமிடக் கணக்கில் கீங்... கீங்... என்ற சத்தம் மட்டும். நாலு லைன் இருக்கிற ஆபீசில் மதியத்துக்குள் நாலும் இப்படி மாட்டிக்கொள்ளும், வாடிக்கையாளருக்கு பிசி டோன் போகும்.

காரணம் இதுதான். எதிர்முனை கட் செய்ததும் எக்ஸ்சேஞ்ச் சில லைன்களில் மின்சாரத்தின் திசையைத் திருப்பும். அதுதான் ரிவர்சல். பழைய எஸ்டிடி பூத்துகள் பலவற்றில் மீட்டர் ஓட ஆரம்பித்ததும் ரிவர்சலை வைத்துத்தான். பல லைன்களில் அது இருக்காது, வெறும் டோன்தான் வரும். இந்திய பிசி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. கேட்வே பெட்டியோ அமெரிக்கா அல்லது சீனா டோனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள், டோன் அளவுகளைச் சரிபாருங்கள், லைன் கொடுத்தவரிடம் ரிவர்சல் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர் ஈபிஏபிஎக்ஸ் பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு, அவை இந்த ஊர் டோனைக் கேட்டே வளர்ந்தவை. கம்பெனிப் பெட்டியின் பக்கம் நியாயமாகச் சேர்க்க வேண்டிய மதிப்பெண் இது.

அனலாக் லைனை சர்வருக்குள் கார்டு போட்டு இணைக்காமல் வெளியே கேட்வே வைப்பதே மேல். ஐப்பசி இடி லைன் வழியாக இறங்கினால் கேட்வே மட்டும் போகும், சர்வர் பிழைக்கும். க்ரோன் மாட்யூலில், இடியின் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் ஜிடி ட்யூப் போடுவதற்கும் சேர்த்துக் கொட்டேஷன் வாங்குங்கள்.

ராத்திரியில் வரும் திருடன்

நான் அமைத்த முதல் ஆஸ்டரிஸ்க்கில் எக்ஸ்டென்ஷன் 1001, பாஸ்வேர்டும் 1001. வீட்டிலிருந்தும் பேசலாமே என்று, எஸ்ஐபி அழைப்புகள் நுழையும் வாசலான 5060 போர்ட்டை வெளியே திறந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை இரவு, கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் வரிசையாக அழைப்பு போயிருக்கிறது. அந்த எண்களுக்குப் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ ஒருவருக்குக் கமிஷன். பில் நமக்கு. முதலாளி முகத்தைப் பார்த்து விளக்கிய அந்தத் திங்கட்கிழமை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எந்த வகை வாங்கினாலும் முதல் நாளே செய்ய வேண்டியது: ஐஎஸ்டி தேவையில்லை என்றால் ட்ரங்க் கொடுக்கும் கம்பெனியிலேயே அதை மூடச் சொல்லுங்கள். உங்கள் சிஸ்டத்தில் மூடுவது போதாது, திருடன் நுழைந்தால் அதைத்தான் முதலில் திறப்பான். நிர்வாகப் பக்கத்தை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கவே கூடாது. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதில் மாட்டியவை, நிர்வாகப் பக்கத்தை ஊருக்கே திறந்து வைத்திருந்த சிஸ்டங்கள். வீட்டிலிருந்து பேச வேண்டுமானால், உங்கள் ஆட்கள் மட்டும் நுழையும் தனிப் பாதையான விபிஎன் போடுங்கள். இதனால் மூடிய மென்பொருள் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸின் டெஸ்க்டாப் செயலிக்குள்ளேயே தாக்குபவர்கள் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள், அதிகாரப்பூர்வமான அப்டேட் வழியாகவே அது போனது.

கொட்டேஷன் வாங்கும்போது

டீலரானாலும் லினக்ஸ் தெரிந்த ஃப்ரீலான்ஸரானாலும் ஒரே கேள்விகள். அட்மின் பாஸ்வேர்டு எங்களிடம் தருவீர்களா? பெட்டி எரிந்தால் லைசென்ஸ் கீ புதுப் பெட்டிக்கு மாறுமா, அதற்குக் காசு உண்டா? பேக்கப் எங்கே போகிறது, அதை ஒருமுறை எங்கள் முன்னால் மீட்டுக் காட்ட முடியுமா? போன்கள் எந்த எஸ்ஐபி சிஸ்டத்திலும் ஓடுமா, உங்கள் பெட்டியில் மட்டும்தானா? யீலிங்க், ஃபேன்வில், கிராண்ட்ஸ்ட்ரீம் போன்ற பொதுவான எஸ்ஐபி போன்களை வாங்கினால் நாளை சிஸ்டத்தை மாற்றினாலும் போனை மாற்ற வேண்டாம். மொத்தச் செலவில் போன்கள்தான் பெரிய பங்கு என்பதால் இது சின்ன விஷயமல்ல. "ப்ரோகிராமிங் விசிட்" ஒன்றுக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பாஸ்வேர்டு தர மாட்டேன் என்கிறவரை நான் அந்த இடத்திலேயே விட்டுவிடுவேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

நான் எதைச் சொல்வேன்

எட்டுப் பத்து போன், இரண்டு லைன், ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாருமில்லை: உள்ளூர் டீலர் ஆதரவுள்ள ஈபிஏபிஎக்ஸ் போதும். இருபதிலிருந்து ஐம்பது போன், ஐவிஆர், ரெக்கார்டிங் எல்லாம் வேண்டும், ஆனால் லினக்ஸ் ஆள் இல்லை: யூசிஎம் போன்ற நடுவகைப் பெட்டி. பொதுவான எஸ்ஐபி போன்களோடு ஓடும், பிரவுசரில் நீங்களே எக்ஸ்டென்ஷன் சேர்க்கலாம், நாளை ஃப்ரீபிபிஎக்ஸுக்குப் போக நினைத்தாலும் கற்றது வீணாகாது. லினக்ஸ் சர்வர் பார்க்கிற ஒருவர் சம்பளத்தில் இருக்கிறார், கிளைகள் பல, சாஃப்ட்வேரோடு இணைக்க வேண்டும்: யோசிக்காமல் ஃப்ரீபிபிஎக்ஸ். அந்த ஒருவர் வேலையை விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அவரை இப்போதே இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், ட்ரங்க் விவரம், ஐபி முகவரிகள், பேக்கப் இருக்கும் இடம். பாதி ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், ஆபீஸ் அடிக்கடி இடம் மாறும் என்றால் கிளவுட்.

ஐவிஆர் குரலைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. தமிழில் பதிவு செய்யும்போது துறையின் பெயர் முதலில், எண் பின்னால்: "கணக்குப் பிரிவுக்கு இரண்டு". எண் முதலில் வந்தால் கேட்கிறவர் அதை மறந்துவிடுவார். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், போனில் அது இரைச்சலாகத்தான் கேட்கும். 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் ஃபைலாக ஏற்றுங்கள்.

மாற்றும் நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றாதீர்கள், சனிக்கிழமை டெலிகாம் கம்பெனியில் ஆள் கிடைக்காது. செவ்வாய் அல்லது புதன் நல்லது. லேண்ட்லைன் எண்ணை செல் எண்ணைப் போல வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியாவில் இல்லை. எனவே விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் இருக்கிற பழைய எண்ணை உடனே ஒப்படைத்துவிடாமல், புது எண்ணுக்கு ஃபார்வர்டு போட்டு சில மாதமாவது வைத்திருங்கள். பழைய பெட்டியையும் இரண்டு வாரம் சுவரிலேயே விட்டு வையுங்கள்.

கடைசியாக, செம்புக் கம்பி லைன் ஒன்று இன்னும் உங்களிடம் இருந்தால், அதை மட்டும் எந்த சிஸ்டத்திலும் சேர்க்காமல், ஒரு சாதாரண ஒயர் போனில் நேராக மாட்டி ரிசப்ஷன் மேஜையின் கீழ் தட்டில் வையுங்கள். அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் போய், ஐபி போன் எல்லாம் கறுத்துக் கிடக்கும்போது சர்வீஸ்காரரைக் கூப்பிட அது உதவும்.